ஏழை சொல் கணிப்பொறி ஏறுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அம்பலங்கள் போய் அலுவலகங்கள் வந்தன. அந்த அலுவலக மேசைகளின் மேல் இன்று கணிப்பொறிகள் அமர்ந்துவிட்டன. ஏழையின் சொல் இந்தக் கணிப்பொறியிலாவது ஏறுமா? ஏறினால் எந்த உருவில் ஏறும்? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். உதவித்தொகையை நம்பிப் படிப்போர் நிறைந்த நம் கல்லூரியின் ஆண்டு மலரில் இதைப் பற்றிப் பேசாமல் வேறு எதில் பேசுவது?

என் தந்தையார் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு ஓட்டுபவர். தாயார் தார் சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த ஒரு செய்திக்கு எத்தனை புள்ளி தரலாம் என்ற கேள்விதான் இக்கட்டுரையின் மையம் என்பதால் சொல்கிறேன்.

நம் கல்லூரியில் பழைய மாணவர்கள் சேர்ந்து தரும் உதவி நிதி ஒன்று உண்டு. இவ்வாண்டு 12 பேருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்று முடிவாயிற்று. வந்த விண்ணப்பங்களோ 43. எங்கள் துறைப் பேராசிரியர் என்னையும் இன்னும் இருவரையும் அழைத்து, “யாருக்குத் தேவை அதிகம் என்று வரிசைப்படுத்திக் காட்டுகிற மாதிரி ஒரு நிரல் எழுதுங்கள் பார்ப்போம்” என்றார். பைத்தான் மொழியை அப்போதுதான் கற்றிருந்தோம். ஆர்வத்தோடு உட்கார்ந்தோம். இரண்டு நாளில் முடித்துவிட்டோம். அந்த இரண்டு நாள் வேலை எனக்குக் கற்பித்ததை மூன்று பருவத் தேர்வுகளும் கற்பிக்கவில்லை.

பழைய முறையின் குறை

கணிப்பொறியைக் குறை கூறுவதற்கு முன் பழைய முறையை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். சென்ற ஆண்டு நான் முதலாண்டு மாணவன். ஓர் அறை, ஒரு நீண்ட மேசை, மூன்று ஆசிரியர்கள். ஒவ்வொருவராக உள்ளே சென்று நம் வறுமையை நாமே எடுத்துரைக்க வேண்டும். அந்த ஆசிரியர்கள் நல்லவர்கள். யாரையும் இழிவாகப் பேசியதில்லை. ஆயினும் வீட்டில் அடுப்பு எத்தனை வேளை எரிகிறது என்பதை நின்றுகொண்டு சொல்வது எளிதா? எனக்கு நாவே எழவில்லை. “அப்பா தறி ஓட்டுறாருங்க சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்குப் பின் சென்றவர் நன்றாகப் பேசினார், அவருக்குக் கிடைத்தது. அவருக்குத் தேவை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அளக்கப்பட்டது தேவையா, நாவன்மையா?

ஆகவே நிரல் எழுதும் வேலை வந்தபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன். கணிப்பொறிக்கு முகம் பார்க்கத் தெரியாது. இன்னார் மகன், இன்ன ஊரார், இன்ன சாதியார் என்று தலைசாய்க்கத் தெரியாது. யாருடைய பரிந்துரையும் அதன் காதில் விழாது. கண்ணீருக்கு இளகாது, கண்ணீர் வராதவனைத் தண்டிக்கவும் செய்யாது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி அங்கே துலாக்கோலை உவமை காட்டினாரே, அந்தத் துலாக்கோல் இதுதான் என்று எண்ணினேன்.

துலாக்கோல் நேரானதுதான். ஆனால் படிக்கற்களைச் செய்தவன் யார்? அந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

படிக்கற்கள்

முடிவெடுப்பதற்குத் துணைசெய்யும் கணிப்பொறி முறை என்ற எண்ணம் புதியதன்று. 1971ஆம் ஆண்டு கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு பெயரே சூட்டினார்கள். முடிவுகளை அவர்கள் தரம் பிரித்தார்கள். சில முடிவுகள் முழுதும் விதிக்கு உட்பட்டவை; அவற்றை இயந்திரத்திடமே விட்டுவிடலாம். சில முடிவுகளில் ஒரு பகுதி விதி, ஒரு பகுதி மனிதனின் மதிநுட்பம். இப்பிற்பகுதிக்குத்தான் ‘துணை’ தேவை என்றனர். துணை என்ற சொல்லைக் கவனியுங்கள். துணைக்கு வந்தவர் வீட்டுக்கே தலைவராகிவிடுவதுதான் இன்றைய தொல்லை.

இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணிதம் படிக்காதோரும் அஞ்ச வேண்டாம். முதலில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று ஓர் எடை தர வேண்டும். தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970களில் இதற்கு ஒரு வழி வகுத்தார். காரணிகளை இரண்டிரண்டாக எடுத்து, இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண்ணிட்டு, அதிலிருந்து எடைகளைக் கணக்கிடுவது அவர் முறை. நாங்கள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. மூவரும் பேசி எடைகளை நாங்களே வைத்தோம். குடும்ப வருமானத்துக்கு 40. மதிப்பெண்ணுக்கு 25. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 15. பெற்றோரை இழந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு 10. ஊரின் தொலைவுக்கு 10. ஆக 100.

பார்ப்பதற்கு எவ்வளவு நேர்த்தி! ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு கதை இருந்தது.

எழுபத்தீராயிரத்தின் கதை

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். 40 புள்ளி கொண்ட பெரிய கல் அதுதான். 43 விண்ணப்பங்களில் இணைத்திருந்த வருமானச் சான்றிதழ்களை உள்ளிட்டுக்கொண்டே வந்தேன். 72,000. 72,000. 72,000. எண்ணிப் பார்த்தேன், 29 பேருடைய ஆண்டு வருமானம் அதே 72,000 ரூபாய்! என்னுடையதும் அதுவே.

தறி ஓட்டுபவருக்கும், செங்கல் சூளையில் வேலை செய்பவருக்கும், சிறு மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் ஒரே வருமானம் வருவது எவ்வாறு? நம் வீடுகளில் மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. மழை பெய்தால் சூளை நிற்கும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் அப்பாவுக்கே தெரியாது. எனவே ஏதோ ஒரு திட்டத்தின் உச்சவரம்பாக என்றோ இருந்த ஓர் எண், எல்லாருடைய சான்றிதழிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இது யாரும் சொன்ன பொய்யன்று. யாரும் அளக்காத உண்மை.

கணிதத்தில் இதன் பொருள் என்ன? எல்லாருக்கும் ஒரே எண் இருக்கும் காரணி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. வருமானத்துக்கு 40 புள்ளி என்று பலகையில் எழுதிவிட்டோம். ஆனால் அந்த 29 பேருக்குள் வருமானம் ஒரு புள்ளி வேற்றுமையும் செய்யவில்லை. அவர்களை வரிசைப்படுத்தியவை மதிப்பெண்ணும் தொலைவும் முதல் தலைமுறை என்ற குறிப்பும் மட்டுமே. ஏழ்மைக்கு முதலிடம் தந்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். உண்மையில் ஏழ்மை போட்டியிலேயே இல்லை.

இன்னொரு விந்தையும் கண்டேன். மிகக் குறைந்த வருமானம் 48,000. அதற்கு முழு 40 புள்ளி. மிக உயர்ந்தது 2,40,000, அதற்குச் சுழியம். இடைப்பட்டவர்களுக்கு விகிதப்படி. இக்கணக்கில் 60,000 உடையவருக்கும் 72,000 உடையவருக்கும் இடையே வேறுபாடு இரண்டரைப் புள்ளி. இப்போது அந்த 2,40,000 ரூபாய் விண்ணப்பத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். அடுத்த உயர்ந்த வருமானம் 96,000. உடனே அதே இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு 10 புள்ளி ஆகிவிட்டது! வசதியுள்ள ஒருவர் விண்ணப்பம் போட்டால் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஏழைகள் இருவருக்குள் யார் முந்துவது என்பது மாறிவிடுகிறது. இதை எந்த விண்ணப்பதாரர் அறிவார்? எழுதிய எங்களுக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது.

என் பெயர், அவன் பெயர்

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

நிரலை ஓட்டியதும் வரிசை வந்தது. பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. பதின்மூன்றாவது பெயர் என் நண்பனுடையது. முதலாண்டு முதல் ஒரே பெஞ்சில் உட்காருபவன். நான் மதிய உணவு கொண்டுவராத நாட்களில் தன் டப்பாவை நடுவில் வைப்பவன். இருவருக்கும் இடையே 1.3 புள்ளி. மதிப்பெண்ணிலும் தொலைவிலுமாக அவன் என்னைவிட 13.7 புள்ளி கூடுதல். நான் முதல் தலைமுறை என்பதால் எனக்கு 15. அவனுக்கு அதில் ஒன்றுமில்லை. ஏனெனில் அவன் அக்காள் பட்டதாரி.

அந்த 15 என்ற எண்ணை முன்மொழிந்தவன் நான். “வீட்டில் வழிகாட்ட ஆளில்லாதவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்” என்று வாதாடினேன். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு வஞ்சகம் ஏதுமில்லை. என் பெயரை மனத்தில் வைத்து நான் அதைச் சொல்லவில்லை என்று என் மனச்சாட்சி இன்றும் கூறுகிறது. ஆனால் என் வாழ்வில் நான் பட்ட துன்பம் எது என்று எனக்குத் தெரியும். அதற்கு எடை போடத் தெரிந்தது. அவன் பட்ட துன்பம் எது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பட்டியலில் கட்டமே இல்லை. 15க்குப் பதில் 13 என்று வைத்து, அந்த 2 புள்ளியை வருமானத்தில் சேர்த்திருந்தாலே எங்கள் இருவர் இடமும் மாறியிருக்கும்.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் அவனிடம் உள்ளதைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. சற்று நேரம் கழித்து, “எங்க அக்கா படிச்சது எனக்கு மார்க்கு குறையறதுக்காடா?” என்று மட்டும் கேட்டான்.

அவன் அக்காள் இதே கல்லூரியில் இளங்கலை படித்தவர். அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி. இன்று வீட்டில் தையல் இயந்திரம் மிதிக்கிறார். அவர் பட்டம் அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு மாதச் சம்பளமும் கொண்டுவரவில்லை. ஆனால் எங்கள் நிரலின் கண்ணில் அந்த வீடு ‘படித்த வீடு’. அரசின் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கே என்பது நாம் அறிந்ததே. சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூத்தவள் ஏறிய படி இளையவனுக்குப் பள்ளமாகிவிடக் கூடாதல்லவா?

இன்னொன்றையும் அவன் அப்போதுதான் சொன்னான். தென்னை மரம் ஏறும் தொழிலாளியான அவன் தந்தை, தீபாவளிக்கு முன் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருக்கிறார். வருமானச் சான்றிதழ் வாங்கியதோ ஆனி மாதத்தில். சான்றிதழ் சொன்னது வாங்கிய நாளில் சரி; விண்ணப்பித்த நாளில் தவறு. ‘பெற்றோரில் ஒருவர் இல்லையா?’ என்று விண்ணப்பம் கேட்டது; ‘இருக்கிறார்’ என்று எழுதினான். ‘மாற்றுத்திறனாளியா?’ என்று கேட்டது; ‘இல்லை’ என்று எழுதினான். அவன் எழுதிய விடைகள் எல்லாம் மெய். அவற்றைக் கூட்டி வந்த முடிவு பொய். கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

கடல் கடந்தும் இதே கதை

இது நம் ஊர்ச் சிறுவர்கள் எழுதிய நிரலின் குறை மட்டுமே என்று எண்ண வேண்டாம். செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த நெதர்லாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெற்றோர் வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் மாணவர்க்கு அங்கே கூடுதல் உதவித்தொகை உண்டு. பொய் சொல்லி அதைப் பெறுவோரைக் கண்டுபிடிக்க, 2012 முதல் 2023 வரை, ஒரு கணக்கு முறையைக் கையாண்டார்கள். வயது, படிப்பின் வகை, பெற்றோர் வீட்டுக்கும் மாணவர் தங்குமிடத்துக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் கொண்டு புள்ளியிட்டு, யார் வீட்டுக்குச் சென்று சோதிப்பது என்று தேர்ந்தார்கள். இனத்தைப் பற்றியோ பிறந்த நாட்டைப் பற்றியோ அம்முறையில் ஒரு கேள்வியும் இல்லை. ஆயினும் தொழிற்கல்வி படிப்போரும் பெற்றோர் வீட்டின் அருகே தங்குவோரும் அதிகப் புள்ளி பெற, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளே மிகுதியாகச் சோதனைக்கு உள்ளாயினர். 2024 மார்ச்சில் கல்வி அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஈடுசெய்ய 6 கோடியே 10 இலட்சம் யூரோ ஒதுக்குவதாக அவ்வாண்டு நவம்பரில் அறிவிப்பு வந்தது.

சாதியைக் கேட்காததாலேயே ஒரு நிரல் சாதி பார்க்காதது ஆகிவிடாது. ஊரைக் கேட்டால், தெருவைக் கேட்டால், பள்ளியைக் கேட்டால் போதும் என்பது நம் நாட்டாருக்கு நான் விளக்க வேண்டிய செய்தியா?

அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகைக்கான பொதுப் படிவம் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கொண்டிருந்தது. ஏழை மாணவர்க்கு எளிதாக்கவே அதைச் சுருக்கினார்கள், நல்ல நோக்கம்தான். வழக்கமாக அக்டோபரில் வரும் படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான் வந்தது. வந்தபோது, பெற்றோருக்கு அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத மாணவர்கள் பலர் படிவத்தை முடிக்க இயலாமல் தவித்தனர். நம் ஊரில் ஒரு எழுத்துப் பிழையால் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பொருந்தாமல் அலைவோரின் உடன்பிறப்புகள் அவர்கள்! உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவருடைய காகிதங்களே மிகவும் குறைபட்டிருக்கும். இதை மென்பொருள் எழுதுவோர் எழுதத் தொடங்குமுன் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஓலையும் பானையும்

அப்படியானால் கணிப்பொறியை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. மேசைக்கு முன் வாயடைத்து நின்றவன் நான். அந்த அறைக்குத் திரும்பிச் செல்ல எனக்கு விருப்பமில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்தவை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குடத்துக்குள் கைவிடும் சிறுவனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. எத்தகைய நேர்மை! ஆனால் குடத்துக்குள் செல்ல யாருடைய பெயருக்குத் தகுதி இருந்தது? வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவர்க்கு, வேதம் கற்றவர்க்கு. உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. குலுக்கியதில் குற்றமில்லை. ஓலை எழுதுமுன்பே அநீதி நடந்து முடிந்துவிட்டது.

இன்றைய மென்பொருளும் அத்தகைய குடமே. அது நேர்மையாகக் குலுக்கும். ஓலையில் யார், எந்த விதிப்படி, என்பதை மனிதரே முடிவு செய்கிறோம். முடிவு செய்துவிட்டு, “கணிப்பொறி சொல்லிவிட்டது” என்று கையை விரிக்கிறோம். கணிப்பொறி எதையும் சொல்வதில்லை. நாம் சொன்னதைப் புள்ளிவைத்து நம்மிடமே திருப்பித் தருகிறது.

நான் வேண்டுவன

மறுநாள் காலை வரிசைப் பட்டியலோடு பேராசிரியரிடம் சென்றேன். “சார், இதை நான் எழுதியிருக்கக் கூடாதுங்க” என்று தொடங்கி அனைத்தையும் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தப்பு உன் மேல மட்டும் இல்லப்பா. விண்ணப்பம் போட்டவனையே எழுதச் சொன்னது நான்தானே” என்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தோம். எடைகளை ஐந்தைந்து புள்ளி ஏற்றியும் இறக்கியும், மொத்தம் 100 மாறாமல், பலமுறை நிரலை ஓட்டினோம். எப்படி மாற்றினாலும் முதல் பன்னிரண்டுக்குள் நின்றவர்கள் 9 பேர். எப்படி மாற்றினாலும் வெளியே நின்றவர்கள் 26 பேர். இடையில் 8 பேர் ஒருமுறை உள்ளேயும் மறுமுறை வெளியேயும் ஆடிக்கொண்டிருந்தோம். அந்த எட்டுப் பேருக்கு மூன்று இடம். இங்கேதான் இயந்திரத்தின் எல்லை முடிகிறது. மனிதரின் பொறுப்பு தொடங்குகிறது.

இந்த அனுபவத்திலிருந்து என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை நம் கல்லூரியின் முன்னும் இத்தகைய நிதிகளை நடத்துவோர் முன்னும் வைக்கிறேன்.

ஒன்று. எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பதை விண்ணப்பம் வாங்குமுன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பெயர்களைப் பார்த்த பிறகு எடை போடக் கூடாது. எடை வைக்கும் குழுவில் மாணவர் இருக்கட்டும். ஆனால் விண்ணப்பிப்பவர் இருக்கக் கூடாது.

இரண்டு. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அவருடைய புள்ளி விவரத்தைத் தனியே காட்ட வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல் விடையாகாது. எதனால் குறைந்தது என்று தெரிந்தால்தான் தவறிருப்பின் சுட்டிக்காட்ட முடியும்.

மூன்று. எல்லைக்கோட்டில் நிற்போரை ஒரு புள்ளி, அரைப் புள்ளி கொண்டு பிரிக்கக் கூடாது. நாங்கள் செய்ததுபோல் எடைகளை அசைத்துப் பார்த்து, ஆடுகிறவர்களை மட்டும் ஆசிரியர் குழு நேரில் ஆராயட்டும். அதிலும் பிரிக்க முடியாதபடி ஒத்திருந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவதே நேர்மை. தசமப் புள்ளியின் பொய்யான நுட்பத்தைவிடக் குலுக்கலின் வெளிப்படையான தற்செயல் எவ்வளவோ மேல்.

நான்கு. ‘சான்றிதழ் வாங்கிய பின் உங்கள் குடும்பத்தில் ஏதேனும் மாறியுள்ளதா?’ என்று ஒரு கேள்வியும், அதற்கு நாலு வரி இடமும் படிவத்தில் வேண்டும். அந்த நாலு வரியை மனிதர் ஒருவர் படிக்க வேண்டும்.

ஐந்து. தகுதியிருந்தும் நிதி போதாமல் விடப்பட்டவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிட வேண்டும். இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 12 பேரைத் திறமையாகத் தேர்ந்தோம் என்று மகிழ்கிறோம். விடுபட்ட 31 பேரில் பெரும்பாலோருக்கு 5,000 ரூபாய் தேவையில்லாமலா இருந்தது? 2022இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது யாரும் யாரையும் முந்த வேண்டியிருக்கவில்லை. விதிக்குள் வருவோர் அனைவருக்கும் என்றார்கள். ஏழைக்குள் ஏழை யார் என்று கேட்கவில்லை. பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் வரிசை தேவைப்படுகிறது. வரிசை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது பற்றாக்குறையை நியாயமாக்கிவிடாது.

முடிவு என்னாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். குழுவினர் அந்த எட்டுப் பேரின் விண்ணப்பங்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். என் நண்பன் தந்தையின் மருத்துவமனைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தப் பணத்தை நான் மனத்துக்குள் செலவு செய்தே முடித்திருந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, “போவுது விடு சாமி, குழுவுல கேட்டுப் பாக்கறேன்” என்று மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார்கள். வாரா வாரம் தவணை போகிறது.

ஆனால் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். காரணத்தைப் பேராசிரியர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நான் கேட்ட கேள்விகளுக்கு விடை தந்தார். சென்ற ஆண்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அப்போது மனத்தில் கசப்பு மட்டுமே இருந்தது. இவ்வாண்டு பணக் கஷ்டம் இருக்கிறது; கசப்பு இல்லை. கணிப்பொறி தர முடியாத இந்த ஒன்றை மனிதர்கள் தர முடியும்.

அடுத்த ஆண்டும் விண்ணப்பங்கள் வரும். நிரலை இன்னும் செம்மையாக எழுத எங்களுக்குப் பின் வருவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்த மாணவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். முதல் வரி எழுதுமுன் விண்ணப்பித்தவர்களில் இரண்டு பேரோடு ஒரு வேளை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். படிவத்தில் எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.